உப்பு மாளிகையில் விட்டுப்போன வாரம்

ஜூன் 20, திங்கள்

இந்த வருடம் படிக்கும் மாயக்கதைகளை எல்லாம் எழுதி வைக்கப் போகிறேன். கதைப் புத்தகங்களை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. படித்ததை எழுதி வைத்தால் புத்தகத்தையே கொஞ்சம் வைத்துக்கொண்ட மாதிரிதான். இது போன வருடத்துப் பூகோள நோட்டின் பின்பக்கம். முன்னால் ஆறுகளும் பயிர்களும் இருப்பதால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாரும் படுத்த பிறகு சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இந்தப் பக்கம் வருவதில்லை. இருந்தாலும் ஏதாவது சத்தம் கேட்டால் நோட்டு டிரம்முக்குப் பின்னால் போய்விடுகிறது. இதுவரை இரண்டு முறை போய்விட்டது. இரண்டு முறையும் பூனை.

முதல் புத்தகம்: பாதாளத் தபால்காரர். நாகலோகத்துக்குக் கடிதம் கொண்டுபோகும் ஒரு கிழவருடைய கதை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் ஒரு புதிருக்குப் பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். கடைசி வீட்டில் புதிர் போடுவது அவருடைய சின்ன வயசுக் குரலே. படிக்கும்போது கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. பத்துக்கு எட்டு.

இரண்டு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் புத்தகம் இல்லை. ரோஸ்லின். கடைசி வீட்டில் யார் இருப்பார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். புத்தகம் அவளுடையது என்பதால் என்னால் சண்டை போட முடியவில்லை.

ரோஸ்லின் இந்த வருடம்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறாள். அவள் அப்பா ரயில்வேயில் கார்டு. விழுப்புரத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றலாகி வந்தவர். அவரே அவளை லெண்டிங் லைப்ரரியில் சேர்த்துவிட்டாராம். அவள் தெருவில் நடந்துகொண்டே படிக்கிறாள். போன வருடம் வரைக்கும் சாப்பாட்டு நேரத்தில் கதை சொன்னது நான். எனக்காக வகிதா குழாயடித் திண்டில் இடம் பிடித்து வைப்பாள். இப்போதும் இடம் பிடிக்கிறாள். யாருக்கு என்று எழுத மாட்டேன்.

ஜூன் 22, புதன்

கண்ணாடி மலைக் காவலன். இன்னும் முடிக்கவில்லை. பள்ளி நூலக வகுப்பு வாரத்துக்கு ஒன்றுதான். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் அப்பா கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். நான் அந்தத் தாளைக் கேட்கவே இல்லை. அதனால் அந்த வீரன் போன வாரமும் மலையில் பாதியில் நின்றான். இந்த வாரமும் பாதியில் நிற்கிறான். பாவம், அவனுக்குக் கால் வலிக்கும்.

ரோஸ்லின் அதைப் போன வருடமே முடித்துவிட்டாளாம். "கடைசில என்ன ஆகுது தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஜூன் 25, சனி

காலையில் மண்ணெண்ணெய் வரிசை. பிறகு சீருடைக்கு நீலம் போட்டேன். பிறகு அப்பாவின் ஒர்க்‌ஷாப் சட்டையில் கிரீஸ் கறையைத் தேய்த்தேன். போகவில்லை.

அம்மாவின் ஜாக்கெட் மறுபடியும் கைக்கு அடியில் கிழிந்துவிட்டது. வெளுத்துப்போன துணி. ஊசியால் தைத்துத் தைத்து, இப்போது தைத்த இடம்தான் கெட்டியாக இருக்கிறது. பீரோவில் புது ரவிக்கைத் துணிகள் ஒரு அடுக்கு இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில், வளைகாப்புகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. ஏன் தைக்கக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "எந்த டெய்லரும் எனக்குச் சரியா தைக்க மாட்டான்" என்றாள். கொடுத்துப் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டிலேயே தையல் மெஷின் இருக்கிறது. அதன் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடி டிவி வைத்திருக்கிறோம். பெட்ஷீட் தரை வரைக்கும் தொங்கும். கால் மிதிக்கும் பலகைக்குப் பின்னால் ஒரு புத்தகம் இருக்கிறது. அதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன்.

உப்பு மாளிகை. வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கடையில் கொடுத்து பைண்டு பண்ணியது. பண்ணியது என் அக்கா. இப்படிப் பதினொரு பைண்டு வைத்திருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டை விட்டுப் போன மறுநாள் அப்பா எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். "இந்தக் கதைங்கதான் அவள கெடுத்துச்சு" என்றார். அட்டை சுலபமாக எரியவில்லை. இந்த ஒன்று மட்டும் என் பள்ளிக்கூடப் பையில் இருந்ததால் தப்பித்தது. அவள் வேறு மதத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பிற்பாடு தெரிந்தது. எந்த ஊர் என்று தெரியாது. வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. நானும் இங்கே எழுத மாட்டேன்.

அவள் போன மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

டிவி, மெஷின் தலை, பெட்ஷீட் மடிப்பு, எல்லாவற்றிலும் தூசி. புத்தகத்தில் மட்டும் இல்லை. துணி மறைப்பதால் உள்ளே தூசி போகாது போலிருக்கிறது.

ஜூன் 29, புதன்

இன்று முழுக்க ரோஸ்லினோடு பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஜூலை 4, திங்கள்

புதிதாக ஒன்றும் படிக்கவில்லை. ரோஸ்லின் கொடுத்த புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது பீரியட் வரைக்கும் பெருமையாக இருந்தது. பிறகு அதன் அட்டையில் இருந்த சிறகு முளைத்த யானை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

அவள் இப்போது தையல் வகுப்புக்கும் போகிறாள். பள்ளி முடிந்து சங்கிலியாண்டபுரம் பக்கம், யாரோ ஓர் அக்கா வீட்டில். அந்த அக்கா போன வருடம்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்தவளாம். சாப்பாட்டு நேரத்தில் இதுதான் பேச்சு.

"மெஷின் ஓட்டிக்கிட்டே கதை சொல்வாங்கடி. பட்டனுக்குக் காஜா எடுக்கறவங்களுக்கு மட்டும்தான் கதை. நடுவுல பேசினா கதை கட். முக்கியமான எடம் வர்றப்ப டக்குனு நூல் அறுந்துடும். வேணும்னே அறுக்கறாங்கன்னு நெனைக்கிறேன்."

"நீ காஜா எடுப்பியா?" என்று வகிதா கேட்டாள்.

"எடுக்கறேன். எல்லாம் பூரான் மாதிரி இருக்குன்னு அக்கா சொல்றாங்க."

வகிதா தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ரோஸ்லினுக்கு அப்பா புத்தகம் வாங்கித் தருகிறார். அம்மா அதைப் பற்றிக் கேட்கிறாள். இப்போது கதை சொல்ல ஓர் அக்காவும் கிடைத்துவிட்டாள். கடவுள் சில பேருக்குப் பரிமாறும்போது கரண்டியைக் கீழே வைக்கவே மாட்டார் போல.

ஜூலை 8, வெள்ளி

அந்தத் தையல் அக்கா இப்போது சொல்லிக்கொண்டிருப்பது உப்பு மாளிகை.

ரோஸ்லின் கதையின் பெயரைச் சொன்னதும் என் கையிலிருந்த டிபன் பாக்ஸ் மூடி உருண்டு சாக்கடை வரைக்கும் போய்விட்டது. அது என் கதை. பத்திரிகையில் வந்ததுதான், ஊர் முழுக்கப் படித்திருப்பார்கள்தான். இருந்தாலும் இந்தப் பள்ளிக்கூடத்தில் அது என்னுடையது. பெட்ஷீட்டுக்குள் தலையை விட்டு, ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி அப்பா வீட்டுக்கு வருவதற்குள் நான் பயந்து பயந்து படிப்பதை, அவள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து காதால் கேட்கிறாள்.

கதை இதுதான். கடல் நடுவில் உப்பால் கட்டிய மாளிகை. அதற்குள் இளவரசி மேகலை சிறை. சுவர்களுக்குக் காது உண்டு. சத்தமாகக் காலடி வைத்தால் வாசல் மூடிக்கொண்டு சுவராகிவிடும். ஒரு வாரம் அவள் மாளிகை உச்சியில் நின்று கரையைப் பார்க்கிறாள். அடுத்த பகுதியில் ஒரு படகுக்காரியின் குடிசையில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்பது எங்கள் பைண்டில் கிடையாது. அந்த வாரப் புத்தகத்தை அம்மா பக்கத்து வீட்டுக்குப் படிக்கக் கொடுத்து, அது திரும்பி வரவே இல்லை. அக்கா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

ஆனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா படித்திருந்தாள், எனக்குச் சொன்னாள். உடைந்த முன் பல் உள்ள ஒரு தும்பி வரும். நல்ல பல் உள்ள பூச்சிகளால் அந்த உப்பைக் கடிக்க முடியாது, வழுக்கிவிடும். உடைந்த பல்தான் சுவரில் மாட்டிக்கொண்டு துளை போடும். துளை வழியாகக் கடல் உள்ளே வரும். சுவர் கரையும். இளவரசி கதவுப் பலகையில் ஏறி மிதந்து போவாள். தும்பியைத் தன் பின்னலில் வைத்துக்கொண்டு கூட்டிப் போவாள். கட்டாயம் கூட்டிப் போவாள். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன்.

ரோஸ்லின் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இன்று இளவரசி உச்சியில் நிற்கும்போது நூல் அறுந்துவிட்டதாம்.

ஜூலை 13, புதன்

நூலக டீச்சர் புதுப் புத்தகக் கட்டைப் பிரித்தார். உள்ளே உப்பு மாளிகை. முழுப் புத்தகமாகவே அச்சடித்திருக்கிறார்கள். மற்றவர்கள் கை நீட்டுவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டேன். நேராக அந்த இடத்தைப் பிரித்தேன்.

தும்பி இல்லை.

ஒரு கிழட்டு ஆமை வருகிறது. முதுகில் ஏறிக்கொள் என்கிறது. இளவரசி ஏறிக்கொள்கிறாள். கரைக்குப் போகிறாள். அவ்வளவுதான். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். புத்தகம் முழுக்க ஒரு பூச்சிகூடக் கிடையாது.

அப்படியென்றால் அக்கா அந்த வாரத்தைப் படிக்கவே இல்லை. புத்தகம் தொலைந்துபோனதால் அவளே ஒரு வாரத்தை உண்டாக்கி எனக்குக் கொடுத்திருக்கிறாள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. குழாயடியில் வழுக்கி விழுந்து முன் பல் உடைந்திருந்தது. வகுப்பில் கேலி செய்வார்கள் என்று ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. நான்கு வருடமாக இதைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

அச்சுப் புத்தகத்துக்குப் பத்துக்கு ஐந்து. ஆமைக்குப் பூஜ்யம்.

நாளையோ மறுநாளோ ரோஸ்லின் ஆமைக் கதையைச் சொல்வாள். சொல்லட்டும். தும்பி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்த வருடம் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருப்பது இதுதான் முதல் தடவை.

ஜூலை 15, வெள்ளி

"என்ன வந்துச்சு தெரியுமா? தும்பி! கோதை, உன்ன மாதிரியே முன் பல்லு உடைஞ்ச தும்பிடி!"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குமேல் இன்று எழுத முடியவில்லை. பூனைகூட இல்லை, ஆனாலும் நோட்டை இரண்டு முறை ஒளித்துவிட்டேன்.

ஜூலை 16, சனி

யோசித்துப் பார்த்தேன். தும்பி அச்சில் இல்லை. எங்கள் பைண்டில் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆள் வாயில்தான் இருந்தது.

சங்கிலியாண்டபுரம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் அந்தத் தெருக்களின் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். ஒரு வருடமாக அங்கேயா?

நேற்று எழுதாமல் விட்டது. ரோஸ்லின் சொன்ன கதையில் முடிவு வேறு. தும்பி நாள் முழுக்கத் துளை போட்டுக் களைத்துத் தூங்கிவிடுகிறது. இளவரசி அதை எழுப்பவில்லை. எழுப்பினால் சிறகு சத்தம் சுவருக்குக் கேட்டுவிடும். பலகையில் ஏறித் தனியாகப் போய்விடுகிறாள். திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். தும்பி தூங்கிக்கொண்டே இருக்கிறது. "எனக்கு அழுகையா வந்துச்சுடி, ஊசி வெரல்ல குத்திடுச்சு" என்று கட்டைவிரலைக் காட்டினாள் ரோஸ்லின்.

அக்கா கதையை மாற்றிவிட்டாள். பின்னலில் வைத்துக் கூட்டிப் போவதாகத்தான் எனக்குச் சொன்னாள்.

இன்று வீடு ஒட்டடை அடித்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 18, திங்கள்

ரோஸ்லினைக் குழாயடியில் தனியாகப் பிடித்தேன். அந்த அக்கா எப்படி இருப்பாள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஒல்லியா, உயரமா. பேரு மரியா அக்கா. கல்யாணத்துக்கு முந்தி வேற பேராம், சொல்ல மாட்டேங்கறாங்க. வாய்ல எப்பவும் ஒரு குண்டூசி வெச்சிருப்பாங்க. அதோடயே பேசுவாங்க. நமக்குத்தான் பயமா இருக்கும்."

குண்டூசி. அம்மா அதற்காக அக்காவைத் திட்டாத நாளே கிடையாது.

"நல்லா இருப்பாங்களா?"

"ரொம்ப. நான் காஜா ஒழுங்கா எடுத்தா என்னையே தும்பின்னு கூப்பிடுவாங்க."

என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டது அக்கா ஒருத்திதான். ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்பதால் வைத்த பெயர். நான்கு வருடமாக யாரும் கூப்பிடவில்லை. எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூரான் மாதிரி காஜா எடுக்கிறவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

"இனிமே என்கூடப் பேசாத" என்றேன்.

"ஏண்டி? நான் என்ன பண்ணேன்?"

"உன் பல்லு நல்லாத்தானே இருக்கு? உனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

ரோஸ்லின் வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் பற்கள் எல்லாம் வரிசையாக, வெள்ளையாக, உப்பு மாதிரி இருந்தன.

ஜூலை 20, புதன்

கண்ணாடி மலைக் காவலன் முடிந்தது. வீரன் உச்சிக்குப் போய்விட்டான். அங்கே யாரும் இல்லை. பத்துக்கு ஆறு.

ஜூலை 24, ஞாயிறு

அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டிக்கொண்டு ரோஸ்லின் வந்து நிற்கிறாள், கையில் லெண்டிங் லைப்ரரிப் புத்தகத்தோடு! என் வீடு எங்கே என்று வகிதா சொல்லியிருக்கிறாள்.

"ஆன்ட்டி, கோதை என்கூடப் பேச மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க" என்று நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்து அவளும் கீரை உருவ ஆரம்பித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தும்பி உனக்கே இருக்கட்டும்டி. எனக்கு வேணாம். பல்லும் உனக்குத்தான உடைஞ்சிருக்கு" என்றாள்.

அம்மா நிமிர்ந்தாள். "எந்தத் தும்பி?"

நான் கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினேன். ரோஸ்லினுக்கு அதெல்லாம் புரியாது. தையல் அக்கா, உப்பு மாளிகை, உடைந்த பல், துளை, பலகை, தூங்கும் தும்பி, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தாள். இந்தக் கதைகளை எல்லாம் அக்கா முன்பு இதே அறையில்தான் சொல்வாள். அம்மா இதே இடத்தில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். கேட்கிறாளா என்று அப்போதும் தெரியாது.

"மெஷினு மிதிக்கறதா, மோட்டாரா?" என்று கேட்டாள் அம்மா. அது ஒன்றுதான் கேட்க வேண்டுமா?

"மிதிக்கறது ஆன்ட்டி. இப்போ வயிறு இடிக்குதுன்னு கொஞ்சம் தள்ளி ஒக்காந்து தைக்கறாங்க. ஆவணில கொழந்த பொறக்குமாம்."

"தொணைக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. அந்த அண்ணன் லாரி ஆபீஸ்ல வேல. நாங்கதான் தண்ணி புடிச்சுக் குடுப்போம்."

அம்மா கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அப்போது அப்பா வந்துவிட்டார். பையை வைத்துவிட்டு, தரையில் கிடந்த புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கினார். சிறகு முளைத்த யானை.

"இது யாருது?"

"என்னுது அங்கிள்" என்றாள் ரோஸ்லின். "நல்லா இருக்கும். நீங்க படிக்கிறீங்களா? செவ்வாக்கெழம வரைக்கும் டயம் இருக்கு."

எங்கள் வீட்டில் அப்பாவிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அப்பா புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போம்மா, வெயில் ஏறுது" என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. "இன்னொரு தடவ இந்த மாதிரி புத்தகம் இந்த வாசப்படி தாண்டினா, டி.சி. வாங்கிடுவேன். ஒண்ணு போனது போதும் எனக்கு." சொல்லிவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் கால் பெட்ஷீட் நுனியில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி உப்பு மாளிகை.

மத்தியானம் கீரையில் காம்பு காம்பாக இருந்தது. குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார்.

குழந்தை பிறக்கப் போகிறதாம். இனிமேல் தும்பி யார் என்று தெரிந்துவிட்டது.

ஜூலை 26, செவ்வாய்

இன்று பள்ளியில் ரோஸ்லினிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பினேன்.

"உங்க அக்காகிட்ட, அந்தத் தும்பி தூங்கலன்னு சொல்லு. கண்ண மூடிக்கிட்டு இருந்துச்சு. அவ்ளோதான்."

"கதையில அப்படி இல்லையேடி."

"நீ சொல்லு."

"அப்ப ஏன் அது கூப்பிடல?"

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் பாயில் படுத்திருந்தேன். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. கூட்டிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். கதையில் அப்படித்தானே. பின்னலைப் பிடித்துக்கொள்ளக் கையைத் தயாராக வைத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் அவள் பயந்து நின்றுவிடுவாளோ என்று இறுக்கி மூடிக்கொண்டேன். பிறகு தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவ்வளவு மெதுவாக அந்தத் தாழ்ப்பாளை யாரும் திறந்ததில்லை.

நான் கத்தியிருந்தால் பக்கத்து வீட்டில் எல்லாரும் ஓடி வந்திருப்பார்கள். கத்தவில்லை. அப்பா கேட்டபோது தூங்கிவிட்டேன் என்றேன். அப்பா இன்றுவரைக்கும் அதை நம்புகிறார். அக்காவும் நம்புகிறாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 28, வியாழன்

ரோஸ்லின் மூச்சு வாங்க ஓடி வந்தாள். சேதியை நேற்றே சொல்லிவிட்டாளாம்.

"மெஷின் டக்குனு நின்னுடுச்சு. நூல் அறுந்துச்சான்னு பாத்தேன். அறுகல. வாய்ல இருந்த குண்டூசிய எடுத்துட்டு, 'இத யாரு சொன்னா?'ன்னாங்க. என் பிரெண்டு கோதைன்னேன். 'அந்தப் பொண்ணுக்கு முன் பல்லு எப்படி இருக்கும்?'னு கேட்டாங்க. நான் வெரல வெச்சு இவ்ளோன்னு காட்டினேன். சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. அப்புறம் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. கோதை, அவங்க உனக்கு யாருடி?"

சொன்னேன். ரோஸ்லின் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"நான் கடைசியா கெளம்புறப்ப, அவள கூட்டிட்டு வரவான்னு கேட்டேண்டி. 'வேணாம், அவ படிக்கணும், அவங்க அப்பா ஸ்கூல நிறுத்திடுவாரு'ன்னாங்க."

அப்பாவை அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

"தெனம் நீ அவள பாக்கற" என்றேன். வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அதுதான்.

"ஆமாண்டி" என்றாள் ரோஸ்லின். முதல் தடவையாக அவள் முகம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "ஸாரி."

அவள் மன்னிப்புக் கேட்டதும் எனக்குப் பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

ஜூலை 29, ஆடி வெள்ளி

இன்று பகலிலேயே எழுதுகிறேன். மணி நாலரை. அப்பா இன்னும் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார். சங்கு ஊதவில்லை.

பள்ளியிலிருந்து வந்தபோது வாசலில் மாக்கோலம் போட்டிருந்தது. அம்மா தலைக்குக் குளித்திருந்தாள். பீரோவிலிருந்த ரவிக்கைத் துணிகள் முழுவதும் ஒயர் கூடையில் இருந்தன. அதற்கு மேல் ஒரு தூக்கில் புளிசாதம். பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு சரம், செய்தித்தாளில் சுற்றி.

"ரோஸ்லின வரச் சொல்லியிருக்கேன். அவகூடப் போய் இந்த ஜாக்கெட்டெல்லாம் தைக்கக் குடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

"எந்த டெய்லர்கிட்டம்மா?"

அம்மா வளையல் சரத்தை இன்னொரு தாளில் சுற்றினாள்.

"அப்பா கேட்டா?"

"ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போயிருக்கான்னு நான் சொல்லிக்கறேன். பொய்யா என்ன?"

"டி.சி. வாங்கிடுவேன்னாரும்மா."

"அதுக்கு என் கையெழுத்தும் வேணும்னு சொல்லிக்கறேன். நீ போ."

டி.சி.க்கு அம்மாவின் கையெழுத்து வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

கூடையைத் தூக்கினேன். துணி இவ்வளவு கனக்காது. தூக்கை நகர்த்திவிட்டுக் கையை உள்ளே விட்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் கெட்டியாக ஓர் அட்டை. வெளியே எடுக்காமலே தெரிந்துவிட்டது. முதுகுப் பக்கத்தில் பைண்டு நூல் விரலில் தட்டுப்பட்டது. தூசியே இல்லை. துணி மறைப்பதால்தான் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு அடியில் தையல் மறுபடியும் விட்டிருந்தது.

வாசலில் ரோஸ்லின், "கோதை, சீக்கிரம் வாடி, சங்கு ஊதிடப் போறாங்க!" என்று கத்துகிறாள். நோட்டை டிரம்முக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஒன்று மட்டும் எழுதிவிட்டு வைக்கிறேன். சற்று முன் நான் கேட்டேன்:

"அளவு ஜாக்கெட் வெக்கலியேம்மா?"

"வேணாம்" என்றாள் அம்மா. "அவளுக்குத் தெரியும்."